அகஸ்டா அம்மாளின் தங்கை

அகஸ்டா அம்மாளுக்குத் தொண்ணூற்றேழாவது வயதில் ஜெர்மன் மொழி மறக்கத் தொடங்கியது. முதலில் காய்கறிகளின் பெயர்கள் போயின. பிறகு அண்டை வீட்டாரின் பெயர்கள். 1965ஆம் வருடக் கோடை முடிவதற்குள், மகளிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூட ஆங்கிலம்தான் வாயில் வந்தது. இருபத்திரண்டு வயதில், அமெரிக்காவின் தெற்குக் கரையிலிருந்து ஒரு ஜெர்மன் பஞ்சு வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பலேறி வந்தவர் அவர். வந்த நாளிலிருந்து வீட்டிலும் கடையிலும் தேவாலயத்திலும் ஜெர்மன்தான் பேசினார். அது இப்போது பழைய சுண்ணாம்பு போல உதிர்ந்துகொண்டிருந்தது.

மகள் எலிசபெத்துக்கும் எழுபது தாண்டிவிட்டது. கணவனைக் கடைசிப் போரில் இழந்தவர். அவருக்கு ஆங்கிலம் வராது. வீட்டில் ஆங்கிலம் பேசுவதைத் தகப்பனார் விரும்பவில்லை. முதல் உலகப் போர் வந்தபிறகு அந்த மொழி தெரிந்திருப்பதே வெட்கக்கேடு என்றாகிவிட்டது. ஆக, ஹனோவரில் லிஸ்ட் பகுதியில் இருந்த அந்த வீட்டில், தாயும் மகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். ஒருநாள் எலிசபெத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய், மாடி அறை வாடகைக்கு இருப்பதாகவும், வருபவள் ஆங்கிலம் தெரிந்த பெண்ணாக இருக்க வேண்டும் என்றும், மாலையில் கொஞ்ச நேரம் தன் தாயோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

அப்படித்தான் வேதவல்லி அந்த வீட்டுக்கு வந்தாள். மாயவரத்துக்காரி. சென்னையில் தாவரவியல் படித்து, உதவித்தொகை பெற்று, பயிர் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்தாள். அதற்கு முன் மூன்று நான்கு வீடுகளில், கதவைத் திறந்தவர்கள் அவள் புடவையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "அறை போய்விட்டது" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எலிசபெத் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே அழைத்துப் போய், ஜன்னலோரம் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த தாயின் முன் நிறுத்தினார்.

அகஸ்டா அம்மாள் வெகுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், இழுத்து இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் வெயிலில் உலர்த்துவதுபோல மெதுவாகச் சொன்னார்: "நீ முன்வாசல் வழியாகவா வந்தாய்?"

"ஆமாம். வேறு வாசல் இருக்கிறதா?"

"இல்லை," என்றார் அந்த அம்மாள். "இந்த ஊரில் இல்லை."

அதற்கு என்ன அர்த்தம் என்று வேதவல்லிக்கு அப்போது தெரியவில்லை. வேறு இடம் தேடுவதற்கு அவளிடம் தெம்பும் இல்லை. சரி என்று பெட்டியை மாடிக்கு ஏற்றினாள்.

ஜெர்மன்காரர்கள் வேளைக்கு வேளை உருளைக்கிழங்கு சாப்பிட்டார்கள். வேதவல்லி கடையில் பாக்கெட் அரிசி வாங்கி வந்து, எலிசபெத்திடம் அனுமதி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு வடித்தாள். கஞ்சியை வடிகட்டும்போது, தடி ஊன்றிக்கொண்டு அகஸ்டா அம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். உதவியில்லாமல் அவர் தன் அறையைத் தாண்டி வந்து மாதக்கணக்காகியிருந்தது. எலிசபெத் பதறி எழுந்தார்.

"ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது," என்றார் அகஸ்டா அம்மாள், பாத்திரத்தை எட்டிப் பார்த்து. "எங்கள் வீட்டில் ஒட்டினால் அப்பா தட்டைத் தள்ளிவிடுவார்."

"எங்க வீட்டிலும்தான்," என்று வேதவல்லி தன்னை மறந்து தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். "நீங்கள் சோறா சாப்பிடுவீர்கள்?"

"மூன்று வேளையும். அது நெல் விளைந்த ஊர், குழந்தை."

அன்று அவர் வெறும் சோற்றில் வெண்ணெயும் உப்பும் போட்டு, தட்டைக் காலி செய்தார். எலிசபெத் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் மாலைகளில் பேச்சு தானாக வந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரம், ஹெரன் பெண்ட் என்று ஒரு பண்ணை. நதி வளையும் இடத்தில் நெல் வயல்கள். கடல் ஏறும்போது நதியின் நல்ல தண்ணீர் மேலே தள்ளப்பட்டு மதகு வழியாக வயலுக்குள் வரும்; கடல் இறங்கும்போது வடிந்துவிடும். காவிரிக் கால்வாய்களைப் பார்த்து வளர்ந்த வேதவல்லி மதகைப் பற்றி நிறையக் கேட்டாள். வயலில் வேலை செய்தவர்கள் யார் என்றும் கேட்டாள். "நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்புவரை எங்கள் அடிமைகள்," என்றார் அகஸ்டா அம்மாள். "நான் பிறந்தபோது சுதந்திரமானவர்கள். அதே ஆட்கள், அதே சேறு. வீட்டுக்குள் வர அவர்களுக்கு அப்போதும் கொல்லைவாசல்தான்."

அவர் எதையும் மெருகேற்றிச் சொல்லவில்லை. இருந்தாலும் குரலில் ஓர் ஏக்கம் அறுபடாமல் ஓடியது. பிரேமனில் கணவர் வீட்டில் கழித்த ஐம்பது வருடங்களை ஒரே மாலையில் சொல்லி முடித்துவிட்டார்: மூத்த மகன் கார்ல் முதல் போரில் பிரான்ஸில் இறந்தான், இளையவன் ஃப்ரீட்ரிஹ், மனைவியோடு, 1944இல் குண்டு விழுந்தபோது நிலவறையில் இறந்தான், வீடு போயிற்று, மகளிடம் வந்தாயிற்று. ஆனால் ஹெரன் பெண்டில் கழித்த இருபத்திரண்டு வருடங்களைச் சொல்ல அவருக்கு ஒரு குளிர்காலம் போதவில்லை. வெண்டைக்காயைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டு, வேதவல்லி கல்லூரிக் கண்ணாடி வீட்டில், தன் ஆராய்ச்சித் தொட்டிகளுக்கு நடுவே, யாரிடமும் கேட்காமல் நாலு வெண்டை விதை ஊன்றினாள். வசந்தத்தில் முதல் காய்களைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அந்த அம்மாள் அவற்றின் சொரசொரப்பைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டார்.

"டெலியா இதைப் பச்சையாகவே கடிப்பாள்," என்றார். "என் சிஸ்டர்."

"அக்காவா, தங்கையா?" என்று கேட்டாள் வேதவல்லி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழ்க் காதுக்கு அது போதாது.

"இளையவள். நான்கு மாதம் இளையவள்."

ஒரு தாய் வயிற்றில் நான்கு மாத இடைவெளி வராது என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

மறுநாள் காலை எலிசபெத்திடம் கேட்டபோது அவர் தலையசைத்தார். "அம்மாவுக்குக் குழப்பம். அவருக்கு ஒரு அண்ணன் மட்டும்தான். தங்கையே கிடையாது."

ஆனால் அகஸ்டா அம்மாளுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. டெலியாவின் தாய் ஹெஸ்டர். ஹெஸ்டர் அவர்கள் வீட்டுச் சமையற்காரி. டெலியாவின் கண்கள் சாம்பல் நிறம். அந்த வீட்டில் அப்பாவுக்கும் அகஸ்டாவுக்கும் மட்டுமே இருந்த நிறம். இருவரும் ஒரே தொட்டியில் குளித்து, ஒரே மரத்திலிருந்து விழுந்து வளர்ந்தார்கள். எழுதப் படிக்க அகஸ்டாவுக்கு ஆசிரியை வந்தாள். மாலையில் கொல்லையில் உட்கார்ந்து அகஸ்டா அதையே டெலியாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கல்யாணமாகிக் கப்பலேறும்போது, டெலியாவைத் தன்னோடு வரச் சொல்லிக் கேட்டாள். டெலியா வரவில்லை. முதல் சில வருடங்கள் கடிதம் போட்டார் அகஸ்டா அம்மாள், பதில் இல்லை. பிறகு அண்ணன் பண்ணையை விற்றுவிட்டு வேறு ஊர் போனதும், போட்ட கடிதங்கள் திரும்பி வரத் தொடங்கின.

"தினமும் நினைக்கிறேன்," என்றார். "என் பிள்ளைகளை நினைப்பதைவிட அதிகமாக. கடவுள் மன்னிக்கட்டும்."

கேட்பவர்கள் கண்கலங்கியிருக்க வேண்டிய இடம் அது. வேதவல்லிக்குக் கண் கலங்கவில்லை.

காரணம், மாயவரத்தில் அவள் பிறந்தது மிராசுதார் சிதம்பரத்தின் சின்ன வீட்டில். அவள் தாய் நாகலட்சுமி, குளத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் குடியிருந்தாள். தகப்பனார் வெள்ளிக்கிழமை மாலைகளில் வருவார். செருப்பை உள்ளே கழற்றி வைப்பார், வெளியே தெரியக்கூடாது என்று. பெரிய வீட்டு மகள் சந்திரா அதே பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மேலே படித்தாள். அதே மூக்கு, அதே நெற்றி. புதிதாக வந்த ஒரு டீச்சர் ஒருநாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கையா?" என்று கேட்டபோது சந்திரா, "இல்ல டீச்சர், எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்க பொண்ணு" என்று சொன்னாள். வேதவல்லியின் தாய் ஒருநாளும் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை, வேலைக்குக்கூட. இதை வேதவல்லி யாரிடமும் சொன்னதில்லை. ஹனோவர் வரை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே அன்று அவள் கேட்டாள்: "நீங்கள் அவளை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"டெலியா என்றுதான்."

"அவள் உங்களை?"

"மிஸ் அகஸ்டா."

"கப்பலில் அவள் என்னவாக வருவதாக இருந்தது? தங்கையாகவா?"

வெளியே டிராம் மணியடித்துக்கொண்டு போயிற்று. வேதவல்லி எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். தன் வயதைப்போல் நாலு மடங்கு வயதுள்ள ஒரு ஜீவனிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது. பேசியது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை.

சில நாள் அந்த அம்மாள் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு மாலை, முகம் திருப்பாமல், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "யாரும் இல்லாதபோது அவள் என்னை கஸ்ஸி என்று கூப்பிடுவாள். பன்னிரண்டு வயதுக்கு மேல் நிறுத்திவிட்டாள். நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை."

வேதவல்லி அவர் காலடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, முதல்முறையாக, குளத்துக்குப் பின்னால் இருந்த தெருவைப் பற்றிச் சொன்னாள். அகஸ்டா அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ அவளுக்காக ஏங்குகிறாயா, அந்தச் சந்திராவுக்காக?"

"இல்லை," என்றாள் வேதவல்லி. இரவெல்லாம் அந்தப் பதில் அவளை உறுத்திற்று.

பிரேமர்ஹாஃபனுக்குப் போகலாம் என்று சொன்னவன் சேதுராமன். அந்தத் துறைமுக ஊரில் கப்பல் கட்டும் பட்டறையில் பயிற்சிக்கு வந்திருந்த திருச்சிக்காரன். இந்திய மாணவர்கள் கூடும் தீபாவளிச் சாப்பாட்டில் வேதவல்லிக்குப் பழக்கமானவன். மாதம் ஒருமுறை ஹனோவர் வந்தால் அவளைப் பார்க்காமல் போகமாட்டான்.

"அங்க அமெரிக்கன் ஆர்மி கேம்ப் இருக்கு," என்றான். "நிறைய நீக்ரோ சோல்ஜர்ஸ். ஜார்ஜியா, கரோலினா பசங்கதான் அதிகம். ஞாயித்துக்கிழமை சர்ச்ல பாடறது ரோடு வரைக்கும் கேக்கும். பாட்டியம்மாவ ஒருதரம் கூட்டிட்டு வாங்களேன். அவங்க ஊர் பாஷைய கேட்ட மாதிரி இருக்கும்."

"தொண்ணூத்தெட்டு வயசு ஆச்சு சேதுராமன். ட்ரெயின்ல எப்படி?"

"கேட்டுப் பாருங்க. வரேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

அகஸ்டா அம்மாள் வருகிறேன் என்றுதான் சொன்னார். எலிசபெத் முடியாது என்றார். டாக்டர் முடியாது என்றார். அந்த அம்மாள் தன் கறுப்புத் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைக் கீழே வைக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. கடைசியில் எலிசபெத்தும் கூட வருவது என்று முடிவாயிற்று. 1966 மே மாதம் ஒரு ஞாயிறு, விடிந்தும் விடியாமலும் ரயிலேறினார்கள். சேதுராமன் நிலையத்தில் டாக்ஸியோடு காத்திருந்தான்.

தேவாலயம் சாதாரணச் செங்கல் கட்டடம். வாசலில் நின்ற சிப்பாய், கறுப்புத் தொப்பி போட்ட கிழவியையும், புடவை கட்டிய பெண்ணையும், நிமிர்ந்து நடந்த ஜெர்மன் மாதுவையும் பார்த்துக் குழம்பி, கதவைத் திறந்துவிட்டான். பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பாட்டு தொடங்கியது. அகஸ்டா அம்மாள் பாடவில்லை, அழவும் இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, தாகத்தில் இருப்பவர்போல முன்னால் சாய்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் சிலர் மரியாதைக்கு வந்து பேசினார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது ஒன்றுதான்: "உன் ஜனங்கள் எந்த ஊர்?" ஒருவன் அலபாமா. ஒருவன் சிகாகோ. சார்ஜண்ட் வெஸ்லி என்ற உயரமான மனிதர், முப்பது வயதிருக்கும், சொன்ன மாவட்டத்தின் பெயரைக் கேட்டதும் அந்த அம்மாள் வேதவல்லியின் கையை இறுகப் பற்றினார்.

"ஹெரன் பெண்ட் தெரியுமா?"

"தெரியும் அம்மா. எங்கள் தேவாலயம் அதற்குப் பக்கத்தில்தான்."

"அங்கே டெலியா என்று ஒருத்தி. ஹெஸ்டரின் மகள்."

வெஸ்லியின் முகம் மலர்ந்தது. "மிஸ் டெலியாவா! என் அம்மாவுக்கு எழுத்தறிவித்தவர். தேவாலயத்துப் பின்கட்டில் நாற்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தினார். நான் சேர்ந்த சமயம் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, தப்பாக வாசித்தால் தடியால் தரையைத் தட்டுவார். 1949இல் காலமானார். ஊரே வந்தது."

தான் கொல்லையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த எழுத்து எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அகஸ்டா அம்மாள் நினைத்தாரோ என்னவோ, பற்றியிருந்த கையை விட்டார். பிறகு கேட்டார்: "என்னைப் பற்றி எப்போதாவது சொன்னாளா? அகஸ்டா என்று?"

வெஸ்லி பொய் சொல்லியிருக்கலாம். அந்த வயதுக்கு ஒரு பொய் சொன்னால் குற்றமில்லை. அவர் சொல்லவில்லை. "இல்லை அம்மா. நான் கேட்டதில்லை." பிறகு, குரலில் மரியாதை குறையாமல், ஆனால் மலர்ச்சி முழுக்க அடங்கிப்போய், "அவர் உங்கள் வீட்டில் வேலை செய்தாரா?" என்று கேட்டார்.

எலிசபெத் பக்கத்தில் நின்றிருந்தார். ஆங்கிலம் வராது என்றாலும், தாய் அடுத்துச் சொன்ன வார்த்தைகள், ஜெர்மன் சொற்களின் சாயலில் இருந்ததால், அவருக்குப் புரியக்கூடியவையே. அதைத் தாய் அறிந்தே சொன்னார். ஆங்கிலத்தில் ஒருமுறை, பிறகு, எங்கிருந்தோ தேடி எடுத்து, ஜெர்மனில் ஒருமுறை.

"அவள் என் அப்பாவின் மகள். என் தங்கை."

வெஸ்லி தொப்பியைக் கையில் சுழற்றினார். "அவர் யாருடைய மகள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும் அம்மா," என்றார் மெதுவாக. "யாரும் அதைச் சொல்ல அவர் விட்டதில்லை."

திரும்பி வரும் ரயிலில் அகஸ்டா அம்மாள் தூங்கிவிட்டார். பிரேமன் தாண்டியதும் எலிசபெத் வேதவல்லியிடம் ஜெர்மனில், "எனக்கு ஒரு சித்தி இருந்திருக்கிறாள். எழுபத்திரண்டு வயதில் தெரிகிறது," என்றார். அவர் குரலில் கோபமா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. "ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

கண்ணை மூடியபடியே தாய் பதில் சொன்னார். தூங்கவில்லை போலும். "பிரேமனில் என் ஊரைப் பற்றி யார் கேட்டார்கள்? பஞ்சு விலை கேட்டார்கள்." அதை ஆங்கிலத்தில் சொன்னார். வேதவல்லி ஜெர்மனில் மாற்றிச் சொன்னாள். எலிசபெத் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாயின் கம்பளியை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டார்.

டெலியாவுக்கு ரூத் என்று ஒரு மகள், சவானாவில் இருப்பதாகவும், தன் தாய் மூலம் விசாரித்துச் சொல்வதாகவும் வெஸ்லி வாக்குக் கொடுத்திருந்தார். கோடை முழுக்க அகஸ்டா அம்மாள் தபால்காரர் வரும் நேரம் ஜன்னலில் காத்திருந்தார். தபாலில் எதுவும் வரவில்லை. இலையுதிர்காலத்தில் வெஸ்லியே வந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அழுத்தி இஸ்திரி போட்ட சீருடையில், கையில் பூச்செண்டோடு, கதவு மணியை அடித்தார். தெருவில் எதிர்வீட்டுத் திரைகள் விலகின. எலிசபெத் அதைப் பார்த்தார். பார்த்தபிறகு கதவை இன்னும் அகலமாகத் திறந்து, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி, "வாருங்கள், வாருங்கள்" என்றார்.

"எழுதி அனுப்புகிற விஷயமாகத் தோன்றவில்லை," என்றார் வெஸ்லி, அந்த அம்மாளின் எதிரில் உட்கார்ந்து. "மிஸ் ரூத் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவர் அம்மா உங்கள் பெயரை வீட்டில் எடுத்ததே இல்லையாம். அதனால் தானும் எடுக்கப்போவதில்லையாம். உங்கள்மேல் கோபம் இல்லை. கடிதம் வேண்டாம் என்றார்."

அகஸ்டா அம்மாள் தலையசைத்தார்.

"கடைசியில் ஒன்று கேட்கச் சொன்னார். அந்த அம்மாளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று."

அதுவரை ஆடாமல் இருந்த அந்த முகம் அப்போதுதான் உடைந்தது. வேதவல்லி எழுந்து சமையலறைக்குப் போனாள். ரூத் என்ற அந்தப் பெண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும் போலிருந்தது. உள்ளே விடவும் மனமில்லை, பட்டினி போடவும் மனமில்லை. அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள்.

அன்று வெஸ்லி இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வெண்டைக்காயை அவர் ஊர்ப் பெயர் சொல்லிப் பாராட்டினார். சாப்பாட்டுக்குப் பிறகு அகஸ்டா அம்மாள் அவரைப் பேசச் சொன்னார். எதைப் பற்றி என்று வெஸ்லி கேட்டார். எதைப் பற்றியானாலும் சரி, இருட்டும்வரை பேசு என்றார். வெஸ்லி பேசினார். ஹெரன் பெண்ட் வீடு எரிந்து போயிற்று. புகைபோக்கி மட்டும் நிற்கிறது. நெல் வயல்களை நாணல் மூடிவிட்டது. மதகுப் பலகைகள் சில இன்னும் சேற்றில் இருக்கின்றன. சிறுவர்கள் அவற்றின்மேல் உட்கார்ந்து நண்டு பிடிக்கிறார்கள். டெலியாவின் கல்லறை நதியைப் பார்த்திருக்கிறது. எலிசபெத்துக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எழுந்தும் போகவில்லை.

வெஸ்லி அடுத்த வருடம் வியட்நாம் போனார். அங்கிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதன்பின் தகவல் இல்லை.

அகஸ்டா அம்மாளுக்கு 1968 மார்ச்சில் நூறு வயது நிறைந்தது. நகராட்சியிலிருந்து ஒருவர் பூக்கூடையோடு வந்தார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு இளம் நிருபர் வந்தார். பிறந்த ஊர், கணவர், பிள்ளைகள் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, "உடன்பிறந்தவர்கள்?" என்றார். அந்த அம்மாள் அசதியில் கண்மூடியிருந்தார். எலிசபெத் பதில் சொன்னார்: "ஒரு அண்ணன். ஒரு தங்கை, டெலியா. ஆசிரியை." நிருபர் பெயரைத் தப்பாக எழுதுவதைப் பார்த்து, எழுத்து எழுத்தாகச் சொல்லித் திருத்தினார்.

அடுத்த குளிர்காலத்தில் அகஸ்டா அம்மாள் காலமானார். கடைசி நாட்களில் ஆங்கிலமும் குறைந்துபோய், பழைய ஊர்க் கறுப்பு ஜனங்களின் பேச்சு ஒன்று, ஹெஸ்டரின் சமையலறையில் கேட்டது போலும், அவர் வாயில் வந்தது. அது வேதவல்லிக்கும் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, புரிந்ததுபோல ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேதவல்லி பட்டம் பெற்று அதே கல்லூரியில் வேலையில் சேர்ந்தாள். சேதுராமனைக் கல்யாணம் செய்துகொண்டாள். எலிசபெத் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். 1972இல் மாயவரத்திலிருந்து தகப்பனார் இறந்த செய்தி, தாய் மூலம், காரியம் எல்லாம் முடிந்தபிறகு வந்தது. சில மாதம் கழித்து ஒருநாள் தொலைபேசி அடித்தது.

"நான் சந்திரா பேசறேன்," என்றது ஒரு குரல். "மாயவரம் சந்திரா. அவருக்குக் கொலோன்ல ஒரு எக்ஸிபிஷன். நானும் கூட வந்திருக்கேன். உங்க அம்மாகிட்ட நம்பர் வாங்கினேன்."

தன் அம்மாவிடம். அப்படியென்றால் குளத்துக்குப் பின்னால் இருந்த தெருவுக்குச் சந்திரா நடந்து போயிருக்கிறாள்.

"வேதா? இருக்கியா?"

"இருக்கேன்."

"பார்க்கணும்போல இருக்கு. வருவியா?"

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பதினைந்து வருடமாக அந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

கொலோன் நிலையத்தில் சந்திராவைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பட்டுப்புடவைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, குளிரில் ஒடுங்கி, கடிகாரத்தின் கீழ் நின்றிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அதே மூக்கு. பக்கத்தில் கணவர் குருமூர்த்தி, கையில் கண்காட்சிக் காகிதங்களோடு.

சந்திரா அவளைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வந்தாள், நின்றாள். கணவர் பக்கம் திரும்பி, "இது வேதவல்லி," என்றாள். "அப்பாவோட பொண்ணு."

தங்கை என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்காகத் தான் எவ்வளவு காலம் காத்திருந்தோம் என்று, அது வராதபோதுதான் வேதவல்லிக்குத் தெரிந்தது. ஹனோவரிலிருந்து வரும் வழியெல்லாம் அவள் காதில் அது ஒலித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். குருமூர்த்தி கைகூப்பினார். "ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருப்பா," என்றார். யாரைப் பற்றி, என்னவென்று, என்பதை அவர் சொல்லவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் வேதவல்லி.

"இங்க எங்க சாப்பிடறது? மூணு நாளா ரொட்டியும் பாலும்தான்," என்றாள் சந்திரா.

பக்கத்துத் தெருவில் ஒரு யுகோஸ்லாவியன் கடையில் சோறு கிடைக்கும் என்று வேதவல்லி சொன்னாள். மூவரும் நடந்தார்கள். நடைபாதை குறுகலாக இருந்ததால் குருமூர்த்தி முன்னே போனார். இருவரும் பின்னால், தோளோடு தோள் படாமல், ஆனால் ஒரே வேகத்தில் நடந்து போனார்கள்.